துரவுக்குள் இறங்கிய கயிறு

சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கிப் புதைகுழி விழுந்த செய்தி வந்ததுமே எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் நல்ல சமாரியன் உவமை சுற்றத் தொடங்கிவிட்டது. பொருத்தமான உவமைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடந்த மீட்பின் காணொளியைப் பார்த்ததிலிருந்து என் மனதில் ஓடுவது அந்த உவமை வரும் லூக்கா இல்லை, பழைய ஏற்பாட்டின் எரேமியா 38ஆம் அதிகாரம்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தும் மவுண்ட்பேட்டன் ரோடும் சந்திக்கிற இடத்தில் சாலை திடீரென்று உள்வாங்கி, ஒரு பெண் ஓட்டிப் போய்க்கொண்டிருந்த கறுப்புக் கார் குழிக்குள் விழுந்தது. பக்கத்திலேயே தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபியின் கட்டுமானத் தளம். அங்கே இருந்த இந்திய ஊழியர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுடைய ஃபோர்மன் 22 ஆண்டுகளாக இங்கே உழைக்கிற தமிழர். முதலில் தானே குழிக்குள் இறங்கிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. இறங்குவது ஆபத்து என்று பார்த்ததும் நைலான் கயிற்றை உள்ளே விட்டு, எல்லாரும் சேர்ந்து இழுத்து, சில நிமிடங்களில் அந்தப் பெண்ணை மேலே கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது எரேமியாவைப் பாருங்கள். எருசலேமை பாபிலோனியர் முற்றுகையிட்டிருக்கிற நேரம், ஊரில் அப்பம் தீர்ந்துபோகிற நிலை. பிரபுக்கள் தீர்க்கதரிசி எரேமியாவைப் பிடித்துக் கயிறு கட்டித் துரவுக்குள், அதாவது கிணறு போன்ற ஆழமான குழிக்குள், இறக்கிவிட்டார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, உளைதான், வெறும் சேறு. அதில் அமிழ்ந்துகொண்டிருந்தவரைத் தூக்க வந்தவன் யார்? எபெத்மெலேக். அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன், வெளிநாட்டு ஊழியன். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு அவன் நேராகத் துரவுக்குப் போகவில்லை. முதலில் பொக்கிஷ அறைக்குக் கீழே போய்க் கிழிந்த பழந்துணிகளையும் கந்தைகளையும் பொறுக்கி எடுக்கிறான். அதைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, இவற்றை அக்குளில் வைத்து அதற்கு மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்று மேலிருந்து சொல்கிறான்.

நான் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, பிரபுக்கள் இவனையும் சும்மா விட மாட்டார்கள், அந்த அவசரத்திலும் சேற்றிலிருந்து இழுக்கும்போது கயிறு அக்குளை அறுத்துவிடுமே என்று ஒருவன் யோசித்திருக்கிறான்! வேதம் இத்தனை பெரிய முற்றுகையின் கதைக்கு நடுவே கந்தைத் துணிக்கும் இடம் கொடுத்து எழுதி வைத்திருக்கிறது. காத்தோங்கில் அந்த ஃபோர்மன் குதிக்காமல் ஒரு நொடி நின்று கயிறு என்று முடிவெடுத்தாரே, அதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சைட்டில் வருடக்கணக்காக வேலை செய்த அறிவு அது. கர்த்தர் அந்தச் சாயங்காலம் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. நம் சபைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஜெபிக்கிறோம், கிறிஸ்துமஸுக்குப் பை கட்டிக் கொடுக்கிறோம், விடுதிகளுக்கு பிரியாணிப் பொட்டலம் போகிறது. எல்லாம் நல்லது, இன்னும் செய்யவேண்டும். ஆனால் இதில் எப்போதும் நாம்தான் மேலே நிற்கிறவர்கள், அவர்கள் கீழே. எரேமியா 38 அதைத் தலைகீழாக்குகிறது. கர்த்தருடைய வார்த்தையைக் கையில் வைத்திருப்பவர் உளையில் கிடக்கிறார், அந்நியன் மேலே நின்று கயிறு விடுகிறான். காத்தோங்கிலும் அதுதான். அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி ரோடு கடைவீட்டில் தீப்பிடித்து ஒரு சிறுமி உயிரிழந்த அன்றும், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்கள்தான் சாரத்தைக் கொண்டு ஏறிப் பிள்ளைகளைக் கீழே இறக்கினார்கள். அப்புறம் எப்படி இவர்களை உதவி வாங்குகிறவர்கள் என்ற ஒரே வரிசையில் வைத்து ஜெபிப்பது?

நன்றி சொல்லாமல் இல்லை. காத்தோங்கில் அந்தப் பெண்ணை மீட்ட ஏழு ஊழியர்களுக்கும் மனிதவள அமைச்சு பாராட்டு நாணயம் கொடுத்தது, அதிபர் தர்மன் அவர்களை அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார், பொதுமக்கள் 70,000 வெள்ளிக்கு மேல் திரட்டினார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அடுத்த அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். எரேமியா இன்னும் காவற்சாலையின் முற்றத்தில்தான் இருக்கிறார். அவரிடம் கர்த்தர், நீ போய் எபெத்மெலேக்கிடம் சொல் என்கிறார். நகரம் விழும் நாளில் நீ தப்புவிக்கப்படுவாய், நீ என்னை நம்பினாய் என்று அவனுக்கு ஒரு தனிச் செய்தி. கயிற்றால் தூக்கப்பட்டவருக்குத் தூக்கியவனுடைய பாதுகாப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பு வந்துவிடுகிறது.

பாதுகாப்பு என்றதும் எனக்கு லாரிதான் ஞாபகம் வருகிறது. சாயங்காலம் பிஐஇ விரைவுச்சாலையில் போனால் பார்க்கலாம். வேலை முடிந்த ஊழியர்கள் லாரியின் பின்பக்கத்தில் சீட் பெல்ட் இல்லாமல் தளத்தில் உட்கார்ந்து, கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள், பிரேக் போடும்போதெல்லாம் தலை ஆடும். ஊழியர்களை இப்படி லாரியில் ஏற்றிச் செல்வதை நிறுத்துவது பற்றி நாடாளுமன்றத்தில் பலமுறை பேச்சு வந்திருக்கிறது. சிறு நிறுவனங்களுக்குச் செலவு தாங்காது, பேருந்துக்கும் ஓட்டுநருக்கும் பற்றாக்குறை என்று அரசாங்கம் காரணம் சொல்கிறது. அந்தக் கஷ்டம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய உயிரோடு வைத்துப் பார்க்கும்போது அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

எபெத்மெலேக் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் செய்தது ஒன்று உண்டு. சிதேக்கியா ராஜா பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது நேரே போய், இந்த மனிதர்கள் செய்தது தவறு என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். நமக்கும் வாசல் இருக்கிறது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். எங்கள் தொகுதியில் அது திங்கட்கிழமை இரவு. லாரி விஷயத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், சபையில் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கூட வர நினைக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.