தளிக் குளிரில் 'சப்ஸ்ட்ராட்டா'

டிசம்பர் 19

"தளிக் குளிருக்கு என்ன பாட்டுடா கேட்கிற" என்று, ஓசூர் பக்கம் தளியில் இருக்கிற என்னிடம் கிருஷ்ணகிரியிலிருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே தேதி போட்டு எழுதுகிறேன், அவனே வந்து படித்துக்கொள்ளட்டும்.

பயோஸ்ஃபியர் என்ற பெயரில் இசை போடுகிற நார்வேக்காரர் கெய்ர் யென்சன் 1997-இல் வெளியிட்ட 'சப்ஸ்ட்ராட்டா' என்ற ஆல்பத்தைத்தான் கேட்கிறேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடும். பாடகர் கிடையாது, தாளமும் இல்லை என்றே சொல்லலாம்.

எனக்கு முதலில் பிடித்ததே அவர் இதை எப்போது செய்தார் என்பதுதான். 1994-இல் வந்த 'பதாஷ்னிக்' ஆல்பத்தில் 'நாவல்ட்டி வேவ்ஸ்' என்று ஒரு துள்ளலான துண்டு உண்டு, அதை லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துக்கு எடுத்துப் போட, ஆளுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. வேறு யாராவதாக இருந்தால் அதே மாதிரி இன்னும் நாலு போட்டுக் காசு பார்த்திருப்பார்கள். இவர் டிரம்ஸையே ஓரங்கட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

டிசம்பர் 23

நாங்கள் வளர்க்கிற பட்டுப்புழு ஐந்தாம் பருவத்தில், அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில் இருக்கிறது. ஒரு பட்டுப்புழு தன் ஆயுளில் தின்கிற இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு வாரத்தில்தான் தின்னும், அதனால் ராத்திரி பத்து மணித் தீனியைத் தள்ளிப்போட முடியாது. ஷெட்டுக்குள் சூடு 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஹீட்டரையும் பார்க்க வேண்டும், காற்றும் வர வேண்டும். வெளியே பனியில் நனைந்த இலையைக் கொடுத்தால் நோய் வரும், அது தனிக் கவலை. மல்பரித் தண்டுகளைப் படுக்கையில் பரப்பியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு புழு ஏறி வந்து இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழே இறக்கி இறக்கி வளைவாக அரிந்துகொண்டு போகும். பத்து நிமிடத்தில் தட்டு முழுக்க அந்தச் சத்தம்தான்.

நான் ஹெட்போனில் 'சப்ஸ்ட்ராட்டா'வை இந்தச் சத்தமும் கூடவே கேட்கிற அளவுக்கு மட்டும் வைக்கிறேன். அதற்குமேல் கூட்டினால் இந்த ஆல்பம் கெட்டுப்போகிறது.

டிசம்பர் 24

நேற்று எழுத வந்ததே வேறு, புழுவில் போய்விட்டது.

மார்கழி விடியற்காலையில் அடுத்த ஊர்ப் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் போடுகிற திருப்பாவை எங்கள் வாசலில் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். அதே ஸ்பீக்கர் வைகாசி மத்தியானத்தில் அலறினாலும் இங்கே ஒன்றும் வராது. குளிர்ந்த காற்று தரையோடு கிடக்க, அதற்கு மேலே இருக்கிற காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால், மேலே போகிற ஒலி வளைந்து திரும்பத் தரைக்கே இறங்கிவிடும். அதனால் மூடுபனி நாளில் பக்கத்துத் தென்னை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மெயின் ரோட்டில் லாரி கியர் மாற்றுவது கேட்கும்.

யென்சன் இந்த ஆல்பத்தை அந்த மாதிரிக் காதை வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார் என்பது என் கட்சி. தொடக்கத்திலேயே எங்கோ உயரத்தில் ஒரு விமானம் போகிறது. அடுத்து 'போவா அல்பைனா' என்ற துண்டில் ஒரு கிடார் திரும்பத் திரும்ப அதே சில சுரங்களை வாசிக்கிறது, பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும் அளவுக்குக் கிட்டத்தில். தூரத்தில் இருப்பது வெகு தூரத்தில், கிட்டத்தில் இருப்பது காதோடு, நடுவில் ஒன்றுமே வைக்கவில்லை மனுஷன். அந்தக் காலி இடத்தில்தான் எனக்குக் குளிர் தெரிகிறது. 'வின்டர்' என்று போட்டு ஆப்பில் தேடினால் வருகிற பியானோவும் மணிச்சத்தமும் அந்த இடத்தைத்தான் முதலில் அடைத்துவிடுகின்றன.

அம்மா ஒரு காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "ஃபேன் ஓடற மாதிரி இருக்கு கண்ணு, இதுக்கா ராத்திரி முழிச்சிருக்க" என்றாள்.

டிசம்பர் 28

புழு பழுத்து, கூடு கட்டுவதற்கான நெட்ரிகா என்ற பிளாஸ்டிக் தட்டில் ஏறிவிட்டது. தூக்கம்.

ஒரு சின்ன விஷயம் மட்டும். ஆல்பத்தின் துண்டுகளுக்கு வைத்த பெயர்களில் போவா அல்பைனா, கோப்ரீசியா, ஆன்டெனேரியா, சைலீன் எல்லாம் குளிர்ந்த மலைகளில் தரையோடு தரையாக வளர்கிற செடிகளின் பெயர். ஒன்று புல், ஒன்று கோரை இனம். 'சுகுங்' மட்டும் ஊர், நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் இருக்கிறது. யென்சன் மலையேறுகிறவர் என்பதால் ஆச்சரியமில்லை.

ஜனவரி 4

கூடு விற்றாயிற்று. விலையைப் பற்றி எழுதினால் இசை பற்றி எழுத மனசு வராது.

குறை ஒன்று சொல்லியாக வேண்டும். 'ஹைப்பர்போரியா' என்ற துண்டில் 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து மேஜர் பிரிக்ஸ் என்ற பாத்திரம் தன் மகனிடம் தூக்கத்தில் கண்ட காட்சியைச் சொல்கிற வசனத்தை வைத்திருக்கிறார். தொடரைப் பார்த்தவர்கள் உருகிப்போகிறார்கள். எனக்கு அந்தக் குரல் வந்ததும் ஒரு மனிதர், ஒரு கதை, ஒரு வீடு என்று மனசு அங்கே போய்விடுகிறது, அதுவரை இருந்த வெளி சுருங்கிவிடுகிறது. 'கோப்ரீசியா'வில் ரஷ்ய மொழியில் ஒருவர் பேசுகிறார், ஒரு வார்த்தை புரியாது, அதனாலேயே அது தொந்தரவு செய்வதில்லை. ரஷ்யன் தெரிந்தவர்களுக்கு நேர்மாறாக இருக்கலாம், சண்டைக்கு வர வேண்டாம்.

ஜனவரி 15

பொங்கல் வைத்துச் சூரியனுக்குப் படைத்தாயிற்று. யென்சனின் ஊரான ட்ரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. நவம்பர் கடைசியில் அங்கே அடிவானத்துக்குக் கீழே போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் தலை காட்டும், அதாவது நமக்குத் தை பிறக்கிற சமயம். அப்போதும் சுற்றியுள்ள மலை மறைத்துவிடுவதால் ஊருக்குள் வெயில் விழ ஜனவரி 21 வாக்கில் ஆகிவிடும். அன்றைக்கு அந்த ஊரில் சூரியனுக்காக ஒரு பன் செய்து தின்கிறார்கள். நம் ஆட்கள்தான்!

அடுத்து யென்சனின் 'சோ ஓயு' கேட்கப் போகிறேன், அது இமயமலையில் ஒரு சிகரத்தின் பெயர். 2001-இல் 8,201 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறியவர், வழியில் பதிவு செய்த சத்தங்களை 2006-இல் ஆல்பமாகப் போட்டார்.

மச்சான், நீ முதலில் 'போவா அல்பைனா' மட்டும் கேள். பிடித்தால் ஆரம்பத்திலிருந்து போடு, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு. சூளகிரி பக்கம் வண்டி ஓட்டும்போது மட்டும் போடாதே, கண் சொக்கும்.