மரம் விற்ற பணத்தில் மீனுக்கு வழி

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் சையூஸ்லா தேசிய வனத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறோம். எங்கள் ஓடைக் குழு, சாலைக்கு அடியில் ஓடை போவதற்குப் போட்டு, இப்போது மீனை மறித்துக் கிடந்த பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுச் சின்னப் பாலம் போட, காட்டு மரம் விற்ற பணத்தில் பங்கு கேட்டு வாங்கியது. எப்படி என்று பலர் கேட்கிறார்கள், எழுதிவிடுகிறேன்.

பணம் வரும் வழி இதுதான். முன்பு மொட்டையாக வெட்டிய இடங்களில் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரக் கன்றுகளை நெருக்கி நட்டுவிட்டார்கள், இப்போது அவற்றை, கேழ்வரகுப் பயிரைக் கலைப்பதுபோல, இடையிடையே வெட்டிக் கலைத்துவிட வேண்டியிருக்கிறது. வனத்துறை போடும் ஸ்டூவர்ட்ஷிப் (காட்டுப் பராமரிப்பு) ஒப்பந்தம் என்றால் அந்த மரத்தின் விலையைக் காட்டில் செய்யும் சீரமைப்பு வேலையின் கூலியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சுவதை இதே மாதிரி வேலைகளுக்கே வைத்துக்கொள்ளலாம். சோதனையாக ஆரம்பித்த ஏற்பாட்டை 2014 விவசாயச் சட்டம் நிரந்தரமாக்கியது. வனத்தின் நீர்ப்பிடிப்புக்கு நன்மை என்றால் தனியார் நிலத்திலும் செலவழிக்க, ஓரிகான் செனட்டர் வைடன் பெயரில் வழங்கும் சட்டப்பிரிவு இடம் கொடுக்கிறது. குழாய் இருந்தது தனியார் நிலத்தில், எங்களுக்கு அதுதான் கை கொடுத்தது.

ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைப்பது உள்ளூர்க் குழு, கையெழுத்து மட்டும் வனத்துறையுடையது. மரம் வெட்டுபவர், சுற்றுச்சூழல்காரர், மீனவர் எல்லாரும் ஒரே மேஜையில். ஓட்டெடுப்பு கிடையாது. கட்டைவிரல் மேலே என்றால் சம்மதம், பக்கவாட்டில் என்றால் பிடிக்கவில்லை ஆனால் தடுக்கமாட்டேன், கீழே என்றால் அங்கேயே நின்றுவிடும், காட்டியவர் மாற்று வழியும் சொல்லியாக வேண்டும்.

மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் பக்கவாட்டில் காட்டினார். 'காட்டுப் பணம் தனியார் தோட்டத்துக்கு எதற்கு?' சரி, நேரில் பாருங்கள் என்று கூட்டிப்போனோம். குழாயின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, வாய் தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் தொங்கியது. கீழே குட்டையில் விரல் நீள கோஹோ சால்மன் குஞ்சுகள் மேலே ஏற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் விரலை மாற்றவில்லை. மண்வெட்டும் இயந்திர வேலையை உள்ளூர்க்காரருக்கே கொடுங்கள் என்றார், நியாயம்தான், சேர்த்துக்கொண்டோம்.

நில உரிமையாளர் விஷயம்தான் அதிக நேரம் பிடித்தது. அரசாங்கப் பணம் வாங்கினால் கண்டவரெல்லாம் உள்ளே நடப்பார்களா என்ற பயம். அவர் வீட்டு மேஜையில் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். பொதுமக்களுக்கு வழி திறக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.

மீதித் தொகை மாநில நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு வாரியத்திலிருந்து வந்தது, அங்கே ஓடுவது லாட்டரிப் பணம். நம்மூரில் தடை செய்த லாட்டரி இங்கே மீனுக்குப் பாலம் கட்டுகிறது!

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் அனுமதிகளை முதலில் தொடங்குங்கள். எங்கள் ஓடையில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் தண்ணீரில் இறங்கி வேலை செய்யலாம், ஒரு அனுமதி தள்ளிப்போனால் வருடமே போய்விடும். அப்புறம், கட்டியதோடு வேலை முடியாது. மீன் ஏறுகிறதா என்று கண்காணிப்பதற்கும் அதே மேஜைக்காரர்கள் சேர்ந்துதான் வர வேண்டும், அதற்கான செலவையும் விண்ணப்பத்திலேயே போட்டுவிடுங்கள்.