ஸ்பிதி நாட்குறிப்பு: இல்லாத அடுக்குகள்

ஜூன் 17, 2024. ரெக்காங் பியோ

சட்லெஜின் எதிர்க்கரையில் கின்னௌர் கைலாசம் பகலெல்லாம் மேகத்துக்குள் இருந்துவிட்டு மாலையில்தான் முகம் காட்டியது. இமயமலையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் இந்த மலையின் கிரானைட், பூமிக்கடியில் பாறைக்குழம்பாக இருந்து உறைந்தது ஏறத்தாழ 49 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அவ்வளவு பழைய காலத்தில் இங்கே பாறை ஏன் உருகியது என்பதற்கான விடையைக் கிரானைட்டைவிடத் தெளிவாகச் சொல்பவை, இதே இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள ஸ்பிதியின், வண்டல் இறுகி உருவான படிவப் பாறைகள்.

ஜூன் 19. முத் கிராமம், பின் பள்ளத்தாக்கு

பின் ஆற்றில் வந்து சேரும் பராஹியோவின் பள்ளத்தாக்கில், டிரைலோபைட் என்னும் அழிந்துபோன கடல் கணுக்காலிகளின் எச்சங்கள் கொண்ட, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையான கேம்பிரியன் கால மணற்கல்லும் களிப்பாறையும் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் அரிக்கப்பட்ட முனைகளின் மேல், வேறொரு கோணத்தில், கூழாங்கற்கள் செறிந்த, அடுத்த காலமான ஆர்டோவிசியனின் கூட்டுப்பாறை படிந்திருக்கிறது. கடலடியில் கிடையாகப் படிந்த அடுக்குகள் சாய வேண்டும், கடலுக்கு மேலே உயர வேண்டும், மழையும் ஆறும் அவற்றைத் தேய்க்க வேண்டும், பிறகே புதிய சரளை அவற்றின் மேல் விழ முடியும். இத்தனையும் நடந்த காலத்துக்கு இங்கே பாறையே இல்லை. அந்த இடைவெளியைத்தான் புவியியலாளர்கள் குர்கியாக் மலையாக்கம் என்ற பெயரால் குறிக்கிறார்கள். கின்னௌரின் கிரானைட்டும் அதே காலத்தை ஒட்டியது. ஆக, இமயமலை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்விடத்தில் வேறொரு மலை எழுந்து, தேய்ந்து, மறைந்திருக்கிறது. அந்த மலையின் சிகரம் ஒன்றைக்கூட நாம் காண முடியாது, ஆனால் அதிலிருந்து உருண்டுவந்த கற்களைக் கையால் தொடலாம்.

கிராமத்தின் பெயரையே தாங்கிய முத் குவார்ட்சைட் இங்கு வெள்ளைப் பட்டையாகச் சரிவில் வளைந்தேறுகிறது. டெவோனியன் காலத்துக் கடற்கரை மணல் இறுகி உருவான இந்தப் பாறையில், கணுக்காலிகள் ஊர்ந்துசென்ற தடங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஈரமணலில் ஏதோ ஒரு பூச்சியினத்து உறவுக்காரர் நடந்துபோன வழியை, இத்தனை மடிப்பும் அழுத்தமும் அழிக்கவில்லை என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. ஆனாலும் சான்று இருக்கிறது.

ஜூன் 20. குலிங்

முத் குவார்ட்சைட்டுக்கு மேலே வரவேண்டிய, டெவோனியனுக்கு அடுத்த கார்பனிஃபெரஸ் காலப் பாறைகளில் பெரும்பகுதியைப் பின் பள்ளத்தாக்கில் காணோம். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்திருந்த பழைய கோண்ட்வானாக் கண்டத்தின் வடவிளிம்பு பிளக்கத் தொடங்கியபோது இப்பகுதி உயர்ந்து அரிக்கப்பட்டது என்பதே விளக்கம்; அதே பிளவுக் காலத்தில்தான் காஷ்மீரில் பாஞ்சால் எரிமலைப் பாறைகள் கொட்டின.

அடுத்து வரும் பெர்மியன் காலத்தின் கரிய களிப்பாறை முடிந்து டிரையாசிக் காலச் சுண்ணாம்புக்கல் தொடங்கும் இடத்தில், இரும்புச்சத்து மிகுந்த, துருநிறமான, சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலம் இருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்வாழ் இனங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை அழிந்த எல்லை இதுதான். உலகின் மாபெரும் அழிவுக்கு இங்கே இவ்வளவு குறைந்த பாறையே சாட்சி என்பது முதலில் ஏமாற்றமளிக்கும். ஆனால் வண்டல் படிவதே ஏறக்குறைய நின்றுபோன காலம் அது. அந்த மெல்லிய துருவை நான் சேதமாக அல்ல, செய்தியாகவே வாசிக்கிறேன்.

ஜூன் 21. காஜா

பயணமே நாள் முழுவதும். 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, 1864இல் ஸ்பிதியை ஆராய்ந்து, முத், குலிங், கியூமல், சிக்கிம் என்று ஊர்ப்பெயர்களை அடுக்குகளுக்குச் சூட்டினார். பின்னர் அந்த ஆய்வு வெளிவந்தது. 1874இல் லடாக்கின் முர்கோவில், உயரமலைப் பயணத்திலேயே அவர் இறந்தார். அவர் சூட்டிய சிக்கிம் ஸ்பிதியில் உள்ள ஊர். மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 22. லாங்சா

ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் ஸ்பிதி ஷேல் எனப்படும் ஜுராசிக் களிப்பாறை கரிய மண்ணாக உதிர்ந்து கிடக்கிறது. அதற்குள் இருக்கும் கெட்டி உருண்டைகளை உடைத்தால் அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓடு வெளிப்படும். நேபாளத்துக் கண்டகி நதியின் சாளக்கிராமங்களும் இதே வகைக் களிப்பாறையிலிருந்து வருபவையே.

ஊர்ப் பிள்ளைகள் அவற்றைக் கையிலேந்தி விற்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, வாங்குபவர்களைச் சொல்வேன். எந்த அடுக்கின் எந்த மட்டத்தில் கிடைத்தது என்ற விவரம் அறுந்தபிறகு அம்மோனைட் அழகிய கல்லாக மட்டுமே எஞ்சுகிறது. அம்மோனைட் இனங்கள் விரைவாக மாறியவை. இன்ன மட்டத்தில் இன்ன இனம் என்று தெரிந்தால்தான், இந்த ஷேலுக்கும் அதன் கீழுள்ள கியோட்டோ சுண்ணாம்புக்கல்லுக்கும் நடுவில் எவ்வளவு காலம் பதிவாகாமல் போனது என்பதைக் கணக்கிட முடியும்.

ஜூன் 24. கிப்பர்

இந்த வட்டாரத்தில் அடுக்குகள் தொட்டில்போல் வளைந்து இறங்குவதால், மிக இளைய பாறைகள் மடிப்பின் நடுவே தப்பியிருக்கின்றன: கிரெட்டேசியஸ் காலத்துக் கியூமல் மணற்கல், அதன்மேல் நுண்ணுயிர்களின் ஓடுகள் நிறைந்த சிக்கிம் சுண்ணாம்புக்கல். அதோடு ஸ்பிதியில், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்த டெதிஸ் கடலின் பதிவு ஏறக்குறைய முடிகிறது. ஆனால் கடல் அப்போது முடியவில்லை. வடமேற்கே சான்ஸ்காரில் நம்முலைட் என்னும் ஒருசெல் கடலுயிரியின் எச்சங்களுள்ள, 5 கோடி ஆண்டுகளை ஒட்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது; மோதல் தொடங்கியபோதும் அங்கே ஆழமற்ற கடல் அலைந்துகொண்டிருந்தது.

ஸ்பிதியில் அதற்குப் பின் வந்த அடுக்குகள் எங்கே என்று கேட்டால், ஆறுகளைத்தான் பின்தொடர வேண்டும். ஸ்பிதி சட்லெஜிலும், சட்லெஜ் சிந்துவிலும் கலக்கிறது. சிந்து சுமந்த வண்டல் அரபிக்கடலின் அடியில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. 2015இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்னும் ஆய்வுக் கப்பல், இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் லட்சுமிப் படுகையில் துளையிட்டு அந்த வண்டலின் மாதிரிகளை எடுத்தது. இமயம் எப்போது எந்த வேகத்தில் தேய்ந்தது என்பதை, மலையில் எஞ்சிய பாறையைவிட இந்த மாதிரிகளே நுணுக்கமாகச் சொல்லக்கூடும் என்று நினைக்கிறேன். நாளை குன்சும் கணவாய் வழியாக மணாலிக்கு இறங்குகிறேன்.