ஒரு ‘ப்’ சேர்த்ததால் நின்றுபோன நிரல்

வீராணம் ஏரியின் நீர்மட்டத்தை நாள்தோறும் படித்து வரைபடம் போட, ஆர் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் வைத்திருக்கிறேன். ஏரி நிரம்பினால் 47.5 அடி. கோப்பில் புள்ளி விடுபட்டு 475 என்று வந்தால் நிரல் ‘நீர்மட்ட பிழை’ என்று பிழை எழுப்பும். பிழையைப் பிடிக்க வைத்திருக்கும் டிரைகேட்ச் (tryCatch) பகுதி அந்தச் சொற்களைச் செய்தியில் தேடும். இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போகும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும்.

சென்ற வாரம் அந்தச் சந்திப்பிழை கண்ணை உறுத்த, ‘நீர்மட்டப் பிழை’ என்று திருத்தினேன். மறுநாள் காலை வரைபடம் இல்லை. தேடுகிற இடத்தில் பழைய எழுத்தே கிடந்தது.

நான் கடலூர் முதுநகர்க்காரன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் இங்கே முதல் கேள்வி, ‘எத்தனையாம் நம்பர்?’ அறிவிப்பின் வாசகத்தை யாரும் கேட்பதில்லை. 1 என்றால் புயல் தொலைவில்; 10 என்றால் பெரும் அபாயம்; 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணே போதும். கூண்டு ஏற்றுகிறவர் எண்ணைச் சொல்வதோடு சரி. வலையைச் சுருட்டுவதா, படகை மேட்டுக்கு இழுப்பதா என்பது படகுக்காரர் முடிவு.

பிழைக்கும் அந்த எண்ணைப் போல ஒரு பெயர் வேண்டும்; தேட வேண்டியது அதைத்தான், செய்தியின் வாசகத்தை அல்ல. ஆர் 3.6.0 முதல் இதற்கென்றே எரர்கண்டிஷன் (errorCondition, பிழைக்கு), வார்னிங்கண்டிஷன் (warningCondition, எச்சரிக்கைக்கு) என்று இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. 475 வந்ததற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை, எச்சரிக்கை போதும். ஆகவே வார்னிங்கண்டிஷனில் ‘மட்டம்_மீறல்’ என்று, அது எந்த வகை எச்சரிக்கை எனக் காட்டும் வகுப்புப் பெயர் கொடுத்து, தேதியையும் அளவையும் தனித்தனிப் புலங்களாகக் கூடவே கட்டி அனுப்பினேன். கோப்பே வராவிட்டால் ‘கோப்பு_இல்லை’ என்ற பிழை. அதற்கு நிரல் நின்றுதான் ஆக வேண்டும்.

பிடிக்கிற இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கோப்பை வரிவரியாகப் படிக்கும் முழுச் சுழலையும் டிரைகேட்சுக்குள் வைத்தால், முதல் எச்சரிக்கையிலேயே சுழலை விட்டு வெளியே வந்துவிடும். மிச்ச வரிகள் போயின. பிடிப்பதற்கான இன்னொரு செயற்கூறான வித்காலிங்ஹேண்ட்லர்ஸ் (withCallingHandlers) அப்படியல்ல. எச்சரிக்கை எழுந்த இடத்திலேயே நிரல் காத்திருக்க, கையாளி, அதாவது எச்சரிக்கையைப் பிடித்ததும் ஓட நாம் எழுதிவைத்த பகுதி, தேதியையும் அளவையும் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பிறகு மஃபிள்வார்னிங் (muffleWarning) என்ற மறுதொடக்கத்தை அழைத்தால், விட்ட இடத்திலிருந்து அடுத்த வரி ஓடுகிறது. யாரும் பிடிக்காவிட்டாலும் கேடில்லை, சாதாரண எச்சரிக்கையாகத் திரையில் வரும்.

இன்று காலை வரைபடம் வந்திருந்தது. பக்கத்தில் பட்டியலில் இரண்டு வரி: 475, 468. செய்தியில் ‘ப்’ அப்படியே இருக்கிறது.