படையலுக்கு முன்னாடி

மே 4
கத்திரி ஆரம்பம். காலைல பத்து மணிக்கே டேங்க் தண்ணி கொதிக்குது. ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் வர்ல.

மே 6
லேபுக்கு போன் பண்ணா "இன்னும் வர்ல மேடம்", அதே குரல் அதே பதில். செத்துப்போன அக்காவோட நோய் ஜீன் எனக்குள்ள ஒளிஞ்சிகினு இருக்க வாய்ப்பு மூணுல ரெண்டு. டாக்டர் பேப்பர்ல கோடு போட்டு காட்டினாரு, அம்மாகிட்ட ஒரு கெட்ட ஜீன் நைனாகிட்ட ஒண்ணு, ரெண்டும் சேந்து வந்தா அக்கா மாதிரி நோய், ஒண்ணு மட்டும் வந்தா வெளிய தெரியாது, ஒண்ணுமே வர்லன்னா தப்பிச்சோம். எனக்கு நோய் இல்ல, அதனால நாலுல ஒண்ண அடிச்சிட்டு மிச்சம் மூணு, அதுல ரெண்டு. பஸ்ல வரும்போது எதிர்ல வர்ற வண்டி நம்பர எல்லாம் மூணால வகுத்துகினே வந்தேன், மீதி 0 வந்தா நல்லதுன்னு நானே வெச்சிக்கினேன்.

அம்மா நைனாவுக்கு சொந்த அக்கா பொண்ணு. இதுல யாரைப் போய் இன்னான்னு கேக்கறது. ஆயாவுக்கு ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு அம்மா வாயே தொறக்கறதில்ல. ஆயாவுக்கு எல்லாம் தெரியும், அதான் மாமா பையன் பேச்ச இப்பல்லாம் எடுக்கறதே இல்ல.

மே 7
பக்கத்து வீட்டம்மா வந்து "எவ்ளோ பொறுமையான பொண்ணு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்குமா"ன்னு அழுதாங்க. யாரு? எங்க அக்காவா? சுகர் மாத்திரைய நீட்டினதுக்கு டம்ளர தூக்கி அம்மா மேல எறிஞ்சவ அவ. கை ஆடினதால அது காலண்டர்ல போய் பட்டுச்சு, அதுக்கும் சேத்து கத்தினா. காட்பாடி பஸ்ல ஒருத்தன் "இந்த வயசுலயே தண்ணியா"ன்னு கேட்டான், இவ கம்பிய புடிச்சிகினு "ஆமாண்ணா, உங்களுக்கு வெக்காம குடிச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க"ன்னா, அந்தக் குழறல்ல சொல்லவும் பஸ்ஸே நம்பிடுச்சு. எனக்கு மானம் போச்சு, அவ வீடு வர்ற வரைக்கும் சிரிச்சா. போனவங்க எல்லாம் பொறுமசாலி ஆயிடணுமா இன்னா.

மே 9
தூக்கம் வர்ல. வெங்காயம் ஞாபகம் வந்துச்சு.

பாகாயம் ரீஹாப்ல இருந்து வந்தப்புறம்தான் அக்காவுக்கு அந்த பிடிவாதம். மேரி வர்கீஸ் டாக்டரம்மா கதைய அங்க யாரோ சொல்லிருக்காங்க, 1954ல ஆக்சிடெண்ட்ல இடுப்புக்குக் கீழ போய், வீல்சேர்ல உக்காந்துகினே தொழுநோய்க்காரங்க கைக்கு ஆபரேஷன் பண்ணவங்க. "அவங்க உக்காந்துகினு ஆபரேஷனே பண்ணிகீறாங்க, நான் உக்காந்துகினு வெங்காயம் நறுக்கக்கூடாதா?" அம்மா கத்திய ஒளிச்சு வெப்பா, இவ கண்டுபுடிப்பா. வலது முழங்கைய டேபிள்ல அழுத்திப்பா, எடது கையால வலது மணிக்கட்ட புடிச்சிப்பா, கத்தி மேல ஒரு தடவ காத்துல சுத்திட்டுதான் எறங்கும், பாக்கற நமக்குதான் வயித்த கலக்கும். ஒரு துண்டு கட்டவிரல் கனம், ஒரு துண்டு பேப்பர். பொரியல்ல பாதி கருகி பாதி பச்சையா இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லாம துன்னோம், சொன்னா இன்னா ஆவும்னு தெரியும்.

மே 11
மூணுல ரெண்டு.

மே 15
வைகாசி 1. குடியாத்தம் சிரசு திருவிழா. ஆயா ஊராச்சே, அம்மா போகமாட்டேன்னுட்டா, நான் மட்டும் ஆயாவ கூட்டினு போனேன். தரணம்பேட்டைல இருந்து கெங்கையம்மன் தலை வருது, கூட்டம் முட்டுது, தேங்கா ஒடைச்சு ஒடைச்சு ரோடெல்லாம் ஓடு, செருப்பு போட்டும் குத்துது. கோபாலபுரம் கோயில்ல அந்தத் தலைய இன்னொரு பொம்பளை ஒடம்புல வெப்பாங்க, வெட்டுப்பட்ட ரேணுகா கதைதான்.

அக்கா கடைசியா வந்த வருஷம் நைனா தோள்ல உக்காந்துகினு பாத்தா. 22 வயசு பொண்ணு அப்பா தோள்ல, ஜனங்க சாமிய விட்டுட்டு இவளப் பாத்துச்சு. "எனக்கும் இதே கேஸ்தான் நைனா, தலை என்துதான், ஒடம்புதான் மாத்தி வெச்சிட்டாங்க. யாரோ ஒருத்தி என் ஒடம்ப வெச்சிகினு நல்லா ஓடிகினு கீறா"ன்னா. நைனா சிரிச்சாரு. அன்னிக்கு அவருக்கு தோள் ஆடினது அக்கா கால் ஆடினதாலன்னு நெனச்சேன்.

மே 18
2023ல அமெரிக்கால முதல் மருந்துக்கு அனுமதி வந்தப்ப அந்த நியூஸ எனக்கு அனுப்பினதே அக்காதான். ஃபிரெட்ரிக்ஸ் அட்டாக்ஸியான்ற இந்த நரம்பு நோய 1863லயே கண்டுபுடிச்சிட்டாங்க, அதுக்கு அப்பதான் முதல் மாத்திரை. குணமாக்காது, மெதுவாக்கும், அவ்ளோதான். வருஷத்துக்கு 3 கோடி ரூபா கணக்கு. "நம்ம காட்பாடி மனைய வித்தா ஒரு மாசத்துக்கு வரும்டி. ரெண்டாவது மாசத்துக்கு உன்ன விக்கணும்." மெசேஜ்ல ஒவ்வொரு எழுத்தும் நாலு தடவ விழுந்திருக்கும். "என் ஜீனும் என்ன மாதிரியேதான், ஜிஏஏ பட்டன்ல கைய வெச்சிட்டு எடுக்கல"ன்னு எழுதிருந்தா. ஜீன்ல ஜிஏஏன்ற மூணு எழுத்து அளவுக்கு மீறி திரும்பத் திரும்ப வர்றதாலதான் இந்த நோய்.

மருந்து கெடச்சிருந்தா ஹார்ட் தாங்கிருக்குமா. இத யோசிக்கக்கூடாது. யோசிக்கறேன்.

மே 20
வேலூர் கோட்டை பக்கம் வேலை. ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசப்படி. முன்ன ஒருவாட்டி வீல்சேர வெளிய நிறுத்திட்டு நாங்க தயங்கினப்ப அக்கா சொன்னா, "சாமியே 1981ல தானடி உள்ள போனாரு, அதுவரைக்கும் சத்துவாச்சாரில இருந்தாரு, எனக்கு இன்னா அவசரம். நீங்க போய் வாங்க, வரும்போது ஐஸ்கிரீம்." உள்ள போகாம திரும்பிட்டேன்.

மே 22
வீல்சேர் கேட்டு ஒருத்தர் வந்தாரு, பையனுக்காம். அது அக்கா முதுகு வளைஞ்சதுக்கு ஏத்த மாதிரி எடதுபக்கம் ஸ்பாஞ்ச் வெச்சு செஞ்சது, பையனுக்கு செட்டாவாதுன்னு சொன்னேன். ஸ்பாஞ்ச எடுத்துடலாமேன்னாரு. எடுத்துடலாம்தான். அம்மா உள்ள போய் கதவ சாத்திக்கினா. நைனா அவருக்கு மோர் குடுத்து, திதி முடியட்டும்னு அனுப்பினாரு.

மே 25
நாளன்னிக்கு வருஷ திதி. வீட்ல சண்டை. ஆயா சக்கர பொங்கல், அதிரசம்ன்றாங்க. அம்மா "அவளுக்கு சுகர் கீது, இனிப்பு வெக்காத"ன்றா. "செத்தவளுக்கு இன்னாடி சுகரு"ன்னு ஆயா கத்த, நைனா வெளிய போயிட்டாரு. அலமாரில துணிக்கு அடில ஒளிச்சு வெச்சு துன்னவளுக்கு அதிரசம்தான் வெக்கணும்னு நான் சொன்னேன், ரெண்டு பேரும் என்மேல பாஞ்சாங்க. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா குழம்புல மட்டும் யாருக்கும் தகராறு இல்ல.

லேப்ல இருந்து மெசேஜ், ரிப்போர்ட் ரெடியாம், நாளைக்கு காலைல வரச் சொல்றாங்க. கத்திரிக்காயும் காலைல போனாதான் கெடைக்கும்.