இரவில் மீண்டும் வளர்ந்த இரும்பு

தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு சரக்கு இறங்குதுறையின் எஃகுத் தூண்களில் துருவைக் கண்காணிக்க உணரிகள் பொருத்தும் பணி என்னிடம் வந்தது. எந்த உயரத்தில் எதைப் பொருத்துவது என்று முடிவெடுப்பதிலேயே பாதி நாட்கள் போயின.

நீருக்கடியில் சிக்கல் இல்லை. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாயோடு ஒப்பிட்டு அளக்கையில் எஃகின் மின்னழுத்தம் –800 மில்லிவோல்ட்டோ அதற்கும் கீழோ இருந்தால், தூணோடு இணைத்த அலுமினியக் கட்டிகளான ஆனோடுகள் தாம் கரைந்து தூணைக் காக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் தூண் மிக வேகமாக அரிபடுவது அலை தெறிக்கும் பட்டையில்; அங்கே நீர் இடைவிடாமல் சூழ்ந்திருப்பதில்லை என்பதால் ஆனோடின் காப்பும் எட்டாது, இந்த மின்வாயும் உதவாது. ஆகவே அங்கு மின்தடை உணரியைப் பொருத்தினோம். அதிலுள்ள அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு அரிபட்டு மெலிய மெலிய, அதன் மின்தடை கூடும்.

முதல் வார வரைபடத்தைப் பார்த்துத் திகைத்தோம். ஒவ்வொரு பிற்பகலும் 6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு எஃகு குறைந்தது. விடிவதற்குள் அது திரும்பி வந்திருந்தது! சூழலின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ தரத்தில், கடுமையான கடலோரச் சூழலுக்கான சி5 வகையின் கீழ் எல்லையே ஆண்டுக்கு 80 மைக்ரான்தான்; அப்படியானால் ஏறத்தாழ ஒரு மாத அரிப்பு ஒரே பிற்பகலில் நடந்திருக்க வேண்டும். போன இரும்பு திரும்பாது என்பதால், பழி வெப்பத்தின் மேல்தான் விழுந்தது. ஒரு பாகை சூடேறினால் எஃகின் மின்தடை சுமார் 0.4 விழுக்காடு கூடும். அதை ஈடுசெய்ய உள்ளே மூடிவைத்த இன்னொரு தகடு உண்டு என்றாலும், மேற்கு வெயிலில் வெளித்தகடு அதைவிட மூன்று பாகை முந்திச் சூடேறினாலே கணக்கு 6 மைக்ரான் பிழைத்துவிடும்.

உணரியை நிழலுக்கு மாற்றலாம் என்றார்கள், எனக்கு உடன்பாடில்லை. நனைந்தும் காய்ந்தும் அவதிப்படும் முகத்தின் நிலைதானே தெரிய வேண்டும்? விடியலுக்கு முந்தைய அளவீடுகளை மட்டும் கணக்கில் எடுத்தோம், கோடு நேராயிற்று. அதன்பின் ஒரு நாள் எண்கள் தாறுமாறாக எகிறியபோது தூணையே சந்தேகித்தோம். பார்த்தால், கேபிள் இணைப்பில் உப்புநீர் புகுந்து செம்பு பச்சை பூத்திருந்தது. தூணைவிட எங்கள் கருவிதான் முதலில் அரிபட்டது.

வண்ணம் பூசாத அந்தத் தகடு சூழலின் கடுமையைச் சொல்லுமே தவிர, வண்ணம் பூசிய தூணின் தடிமனையோ அதிலுள்ள குழிகளையோ சொல்லாது. அதற்காக இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடல் வற்றும் நேரத்தில் படகில் போய், கொட்டலசுகளைச் சுரண்டிவிட்டு மீயொலிக் கருவியால் தடிமனை அளந்து வருகிறோம்.