ஆளில்லாத வகுப்பறையின் இரைச்சல்

சொல்வதெழுதுதலில் நான் "பத்து" என்றேன். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை "பட்டு" என்று எழுதியிருந்தாள். அதே வாங்கின் மற்ற மூவரிடமும் இதே மாதிரிப் பிழைகள். உயிரொலி காதைச் சேர்கிறது, மெய்யொலி வழியிலேயே அமிழ்ந்துவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் அறையின் இரைச்சலை அளக்க நினைத்தேன்.

எங்கள் பாடசாலை கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியோரம். தகரக் கூரை, பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே அரைச்சுவர். கைத்தொலைபேசிச் செயலிகளை நம்ப முடியவில்லை. ஒரே மேசையில் வைத்த இரண்டு தொலைபேசிகள் 7 டெசிபல் வேறுபாடு காட்டின. பொறியியலாளரான பழைய மாணவர் ஒருவர் ஒலிமட்டமானி கொண்டுவந்தார். 94 டெசிபல் ஒலி தரும் சிறு கருவியை அதில் பொருத்திச் சரிபார்த்த பிறகே அளக்க விட்டார்.

சனிக்கிழமை, கடைசி வாங்கில் பிள்ளையின் காது மட்டத்தில், ஐந்து நிமிடச் சராசரி 43. அங்கே என் குரல் 60. பேச்சு தெளிவாக விளங்கப் பின்னணியைவிடக் குரல் 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். இங்கே 17 இருந்தது! குழம்பிப்போனேன்.

தவறு நாளில்தான். எங்கள் அறை வெறுமையாக இருக்க வேண்டும்; மற்ற எல்லாம் பாடவேளையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை என் வகுப்பை மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, யன்னல் திறந்து, விசிறி சுழல அளந்தோம்: 56. என் குரலுக்கு மிஞ்சியது வெறும் 4.

எல்லோரும் விசிறியைத்தான் சந்தேகித்தோம். புதிய விசிறிகளுக்குப் பெற்றோர் பணமும் சேர்த்திருந்தார்கள். நிறுத்திப் பார்த்தோம், எண் அசையவேயில்லை. பக்கத்து வகுப்பு விளையாடப் போனதும், விசிறி சுழலும்போதே 47க்கு இறங்கியது.

பெற்றோர் இரண்டு சிரமதானங்களில் அரைச்சுவரைக் கூரைவரை எழுப்பினார்கள். இப்போது 49. பெரிய இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த விசிறி இப்போதுதான் வெளிப்படுகிறது: நிறுத்தினால் 2 டெசிபல் குறைகிறது. உலக சுகாதார அமைப்பு 1999இல் வகுப்பறைக்குச் சொன்ன அளவு 35. வன்னி வெயிலில் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வீதியோரத்தில் அதை எட்ட முடியாது. ஆனாலும் கடைசி வாங்கில் பிழைகள் குறைந்திருக்கின்றன.

கார்த்திகை மழை தகரத்தில் இறங்கிய அன்று 74. சொல்வதெழுதுதலை விட்டுவிட்டுப் படம் வரைந்தோம். விசிறிக்கென்று சேர்த்த பணத்தைக் கூரைக்கடியில் தட்டி அடிக்க ஒதுக்கியிருக்கிறோம்.